அனலாக் வீடியோ இணைப்புகளும் அவற்றில் ஓடும் சிக்னல்களும்: ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வீடியோ டெக், ஹேண்டிகேம், டி.வி.டி. பிளேயர், கண்காணிப்புக் கேமரா, பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர் என எதைத் திருப்பிப் பார்த்தாலும் பின்பக்கத்தில் ஒரு வட்டத் துளையோ பல பின்கள் கொண்ட சாக்கெட்டோ இருக்கும். அந்தத் துளைக்குள் சேரும் கேபிள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. கனெக்டர் என்பது உலோகத்தின் வடிவம். சிக்னல் என்பது அதன் வழியே ஓடும் மின்னழுத்த மாற்றம். இன்ன கனெக்டரில் இன்ன சிக்னல் என்று ஒரு வழக்கம் உண்டு, ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளோடு வரும் ஆர்.சி.ஏ. பின் ஒன்றிலேயே காம்போசிட் வீடியோ வரலாம், காம்பொனென்ட் வீடியோவின் மூன்றில் ஒரு பகுதி வரலாம், இடப்பக்க ஒலி வரலாம், டிஜிட்டல் ஒலிகூட வரலாம். ஆகவே எந்த இணைப்பையும் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இந்தக் கருவி வெளியே அனுப்புவது என்ன சிக்னல்? எதிரே இருக்கும் கருவி ஏற்றுக்கொள்வது என்ன சிக்னல்?

படி 1: கம்பியில் என்ன ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவை பின்பற்றிய பால் (PAL) என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப்படம் 625 வரிகளால் ஆனது. வினாடிக்கு 25 படங்கள். ஆகவே வினாடிக்கு 15,625 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோவினாடி. இந்தச் சிறு கால அளவுக்குள் கம்பியில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் பழுதுகள் பலவற்றுக்குக் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

வரியின் தொடக்கத்தில் மின்னழுத்தம் கறுப்பு நிலையிலிருந்து 0.3 வோல்ட் கீழே இறங்கி, 4.7 மைக்ரோவினாடி அங்கேயே நின்று, மீண்டும் மேலே வருகிறது. இதுதான் ஒத்திசைவுத் துடிப்பு. "புதிய வரி தொடங்குகிறது" என்று தொலைக்காட்சிக்குச் சொல்வது இதன் வேலை. அதை அடுத்து, 4.43 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சுமார் பத்துச் சுழற்சிகள் மட்டும் ஒரு சிறிய அலை வருகிறது. நிறங்களைப் பிரித்தறிவதற்கான அளவுகோல் இந்த அலைதான். பிறகு சுமார் 52 மைக்ரோவினாடி நேரம் படம் ஓடுகிறது: மின்னழுத்தம் பூச்சியத்தில் இருந்தால் கறுப்பு, 0.7 வோல்ட்டில் இருந்தால் முழு வெள்ளை. அடியிலிருந்து உச்சி வரை கூட்டினால் சரியாக 1 வோல்ட். 625 வரிகளில் ஏறத்தாழ 576 வரிகளே படமாகத் திரையில் வருகின்றன. மீதி வரிகளின் நேரம், திரையின் அடியிலிருந்து மீண்டும் உச்சிக்குத் திரும்புவதற்கு ஒதுக்கப்பட்டது.

நிறம் எங்கே இருக்கிறது? மேலே சொன்ன, கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் ஒளிர்வு அலையின் மீதே, 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துணை அலையின் உயரம் நிறத்தின் அடர்த்தியையும், அதன் கட்டம் (அளவுகோல் அலையைவிட எவ்வளவு முந்தி அல்லது பிந்தி ஏறி இறங்குகிறது என்பது) எந்த நிறம் என்பதையும் சொல்கின்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கு இந்தத் துணை அலை வெறும் நுண்புள்ளிகளாகத்தான் தெரியும். 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை என்றால் அதற்கு இந்த ஏற்பாடே காரணம். அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்.டி.எஸ்.சி. முறையிலும் கொள்கை இதுதான். 525 வரிகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள், துணை அலை 3.58 மெகாஹெர்ட்ஸ் என்று எண்கள்தாம் வேறு. பிரான்சின் செகாம் முறை நிறத்தை வேறு விதமாக ஏற்றியது.

ஒரு கேமராவின் சென்சாரில் பிறக்கும் போது படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனிச் சிக்னல்களாக இருக்கிறது. அவற்றிலிருந்து ஒளிர்வு ஒன்றும் நிற வேறுபாடுகள் இரண்டும் கணக்கிடப்பட்டால் அது காம்பொனென்ட். நிற வேறுபாடுகள் இரண்டையும் ஒரே துணை அலையில் ஏற்றி, ஒளிர்வை மட்டும் தனியே வைத்தால் எஸ்-வீடியோ. ஒளிர்வையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்தால் காம்போசிட். அந்தக் காம்போசிட்டை ஒலியோடு சேர்த்து ஒரு வானொலி அலையின் மீது ஏற்றினால் ஆர்.எஃப். கீழே இறங்க இறங்கக் கம்பிகளின் எண்ணிக்கை குறைகிறது. ஒவ்வொரு கலப்பிலும் ஏதோ ஒன்று திரும்பப் பெற முடியாதபடி போகிறது. நீரை விட்டுப் பாலை மட்டும் பருகும் அன்னப்பறவை இலக்கியத்தில் உண்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டி இருந்தாலும், நெருக்கமான கோடுகள் உள்ள சட்டையைப் பெட்டி நிறம் என்று எண்ணி அதன் மேல் வானவில் அலைகளை ஓடவிடும்; நிறம் சட்டென மாறும் ஓரங்களை ஒளிர்வு என்று எண்ணி அங்கே புள்ளிகளை ஊரவிடும். செய்தி வாசிப்பவர்களை நெருக்கமான கட்டம் போட்ட உடைகளைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான்.

இதிலிருந்து ஒரே ஒரு விதி கிடைக்கிறது: கருவிக்குள் பிரிந்திருப்பதைக் கேபிளில் கலக்காதீர்கள், உள்ளேயே கலந்துவிட்டதைப் பிரித்து அனுப்பும் கேபிளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 2: பின்பக்கத்தை அடையாளம் காணுதல்

ஆன்டெனா துளை. பெல்லிங்-லீ என்ற பழைய தள்ளிச் செருகும் வகையும், திருகி முறுக்கும் எஃப் வகையும் வழக்கில் உள்ளவை. டெக்கிலோ பழைய வீடியோ கேம் கருவியிலோ இதைத் தவிர வேறு வெளியீடு இல்லையென்றால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நம் ஊருக்கு வந்த டெக்குகளும் ஐரோப்பிய டெக்குகளும் பெரும்பாலும் யு.எச்.எஃப். 36-ஆம் சானலை ஒட்டியும், அமெரிக்கக் கருவிகள் 3 அல்லது 4-ஆம் சானலிலும் ஒளிபரப்பும். தொலைக்காட்சியில் அனலாக் தேடலை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒலி பொதுவாக மோனோவாகவே கிடைக்கும்.

மஞ்சள் ஆர்.சி.ஏ. காம்போசிட் வீடியோ, 75 ஓம், 1 வோல்ட். பக்கத்தில் இருக்கும் வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. இந்தக் கனெக்டர் 1930-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இசைத்தட்டுக் கருவிகளுக்காகச் செய்தது, வீடியோவுக்காகப் பிறந்ததல்ல. அதனால் இதில் ஒரு பிறவிக் குறை உண்டு: செருகும்போது நடுப்பின் முதலில் தொடும், வெளிவளையமாகிய எர்த் பிறகுதான் தொடும். கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் ஸ்பீக்கரில் உறுமல் வருவதும், சில வேளைகளில் உள்ளீட்டுச் சில்லு எரிந்துபோவதும் இதனால்தான். செருகுவதற்கு முன் இரு கருவிகளையும் அணைத்துவிடுவது நல்லது.

எஸ்-வீடியோ. சுண்டுவிரல் பருமனுள்ள வட்டச் சாக்கெட்டில் நான்கு நுண்துளைகளும் ஒரு செவ்வகப் பள்ளமும் இருந்தால் அது எஸ்-வீடியோ. 1987-இல் ஜே.வி.சி. வெளியிட்ட எஸ்-வி.எச்.எஸ். டெக்குகளோடு இது பரவியது. நான்கு பின்களில் இரண்டு எர்த், ஒன்று ஒளிர்வு, ஒன்று நிறம். பின்கள் குண்டூசியைவிடச் சற்றே தடித்தவை. பள்ளத்தின் திசை பாராமல் அழுத்தினால் வளைந்துவிடும். வளைந்தது நிறத்துக்கான பின்னாக இருந்தால் படம் கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டே இருக்கும், ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பின்னை வெளிச்சத்தில் பிடித்து நான்கும் ஒரே உயரத்தில் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் அடிப்பகுதியைப் பிடித்து நிமிர்த்தலாம். இதில் ஒலி வராது. வெள்ளையும் சிவப்பும் தனியே போட வேண்டும்.

பச்சை, நீலம், சிவப்பு ஆர்.சி.ஏ. இது காம்பொனென்ட். நிறப்பூச்சைப் பார்த்து இதை ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே வரும் சிக்னல்) என்று பலர் சொல்வது தவறு. பச்சைப் பின்னில் வருவது ஒத்திசைவுத் துடிப்போடு கூடிய முழு ஒளிர்வு. அதில் பச்சையின் பங்கு 58.7 விழுக்காடு, சிவப்பு 29.9, நீலம் 11.4. நீலப் பின்னிலும் சிவப்புப் பின்னிலும் வருபவை அந்தந்த நிறத்திலிருந்து ஒளிர்வைக் கழித்த மிச்சம். சாதாரண 576 வரியிலிருந்து 1080 வரி உயர்தெளிவு வரை இதே மூன்று கம்பிகள் சுமக்கும். ஒலியையும் சேர்த்து ஐந்து கேபிள்கள் வரும்போது இரண்டு சிவப்புகள் இருக்கும் என்பதை மறவாதீர்கள். ஒலிச் சிவப்பைப் படத்தின் சிவப்புத் துளையில் மாற்றிப் போட்டால் படம் பச்சை பாய்ந்து தெரியும், ஒலி ஒரு பக்கம் இரையும்.

ஸ்கார்ட். பிரான்சில் பிறந்து ஐரோப்பா முழுவதும் பரவிய 21 பின் சாக்கெட். தமிழ்நாட்டில் அபூர்வம், பாரிசிலோ ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ வளர்ந்த தமிழருக்கு வீட்டுப்பொருள். இதில் காம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்.ஜி.பி. மூன்றும் ஒரே வடிவத்துக்குள் வரலாம் என்பதால், வடிவத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. 7-ஆம் பின் நீலம், 11 பச்சை, 15 சிவப்பு. ஒத்திசைவு 20-ஆம் பின்னில் காம்போசிட் வடிவில் வருகிறது. 16-ஆம் பின்னில் 1 முதல் 3 வோல்ட் வந்தால்தான் தொலைக்காட்சி ஆர்.ஜி.பி.க்கு மாறும். 8-ஆம் பின்னில் ஏறத்தாழ 12 வோல்ட் வந்தால் பெட்டி தானே இந்த உள்ளீட்டுக்குத் தாவும். அதில் பாதி வந்தால் அகலத்திரை என்று புரிந்துகொள்ளும். மலிவான கேபிள்களில் 7, 11, 15 ஆகிய இடங்களில் கம்பியே இருக்காது. மூடியைத் திறந்து பாருங்கள், அல்லது மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சியைச் சோதியுங்கள்.

வி.ஜி.ஏ. 1987-இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 கணினிகளோடு அறிமுகப்படுத்திய, மூன்று வரிசையில் 15 பின்கள் கொண்ட சாக்கெட். 1, 2, 3-ஆம் பின்களில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே 0.7 வோல்ட்டில் வரும். கிடை ஒத்திசைவு 13-ஆம் பின்னிலும் செங்குத்து ஒத்திசைவு 14-ஆம் பின்னிலும் வேறாக வரும். கலப்பே இல்லாத தூய சிக்னல் இது. ஆனால் இதன் மிகக் குறைந்த வரி வேகமே வினாடிக்கு 31,469. தொலைக்காட்சி வேகமான 15,625-ஐ ஒரு வி.ஜி.ஏ. மானிட்டருக்குக் கொடுத்தால் பெரும்பாலானவை "வரம்புக்கு வெளியே" என்று சொல்லிக் கறுத்துவிடும். ஒருபுறம் வி.ஜி.ஏ., மறுபுறம் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு என்று சந்தையில் தொங்கும் வெறுங்கேபிள் எந்தச் சாதாரணக் கணினியிலும் வேலை செய்யாததன் காரணம் இதுவே. வரி வேகத்தை மாற்ற உள்ளே மின்சுற்று வேண்டும். கம்பியால் அது முடியாது. டி.வி.ஐ. சாக்கெட்டில் தட்டையான பட்டைப் பின்னைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அதிலும் இதே அனலாக் சிக்னல் கிடைக்கும்.

பி.என்.சி. கால் சுற்றுத் திருகிப் பூட்டும் இந்தக் கனெக்டர் இன்று நம் தெருக்களில் கண்காணிப்புக் கேமரா வழியாகவே அதிகம் புழங்குகிறது. வடிவத்துக்கும் சிக்னலுக்கும் உள்ள இடைவெளி வேறெங்கும் இவ்வளவு பெரிதாக இல்லை: பழைய காம்போசிட், அனலாக் உயர்தெளிவு வகைகளான ஏ.எச்.டி., டி.வி.ஐ., சி.வி.ஐ., ஒளிபரப்பு நிலையங்களின் டிஜிட்டல் எஸ்.டி.ஐ. அனைத்துக்கும் இதே பூட்டுதான். (கேமராக்காரர்கள் சொல்லும் டி.வி.ஐ. வேறு, கணினியின் டி.வி.ஐ. வேறு, எழுத்தில்தான் இப்படி ஒன்றுபோலத் தோன்றுகின்றன.) கேமராவிலிருந்து பி.என்.சி.-ஆர்.சி.ஏ. மாற்றி போட்டுத் தொலைக்காட்சியின் மஞ்சள் துளையில் நேராகச் செருகிப் படம் வரவில்லை என்றால், கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அது ஏ.எச்.டி. நிலையில் இருக்கக்கூடும். பல கேமராக்களின் வாலில் தொங்கும் சிறு ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கமாகச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் அது காம்போசிட்டுக்கு மாறும். எந்தப் பக்கம் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது.

3.5 மி.மீ. ஜாக். ஹேண்டிகேம்களிலும் மெலிந்த தொலைக்காட்சிகளிலும் செட்டாப் பாக்ஸ்களிலும் இடத்தை மிச்சப்படுத்த வந்தது. பின்னில் நான்கு உலோகப் பகுதிகள், மூன்று கறுப்பு வளையங்கள். எந்தப் பகுதியில் எது வரும் என்பதற்கு ஒரே தரம் கிடையாது. ராஸ்பெரி பை கணினியில் நுனியிலிருந்து இட ஒலி, வல ஒலி, எர்த், வீடியோ என்று வருகிறது. பல ஹேண்டிகேம்களில் வீடியோ நடுவில் இருக்கும். இங்கே ஒரு சிறு உத்தி உதவும். எர்த் பொருந்தி, மற்றவை மட்டும் இடம் மாறியிருந்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தாலே ஏதோ ஒரு வரிசையில் படமும் ஒலியும் வந்துவிடும். மூன்றையும் மாற்றிப் பார்த்தும் வரவில்லையென்றால் எர்த்தே இடம் மாறியிருக்கிறது. அந்தக் கேபிள் அந்தக் கருவிக்கு ஆகாது.

படி 3: மூலத்துக்கு ஏற்ற வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தல்

சாதாரண வி.எச்.எஸ். கேசட்டில் குறுக்குத் தெளிவு சுமார் 240 கோடுகள்தாம். நாடாவில் நிறம் 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கப்பட்டு, ஒளிர்வோடு கலக்காமல் பதிவாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதாவது டெக் படிக்கும்போது இரண்டும் பிரிந்தே இருக்கின்றன. மஞ்சள் பின்னுக்கு அனுப்புவதற்காக மட்டும் கலக்கப்படுகின்றன. ஆகவே எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-வி.எச்.எஸ். டெக் ஒன்று கிடைத்தால், உங்கள் வீட்டுச் சாதாரணத் திருமணக் கேசட்டும் அதில் சற்றுச் சுத்தமாகத் தெரியும். சாதாரண டெக்கில் அந்த வெளியீடு இருப்பதில்லை. மஞ்சளே போதும், வேறு வழியும் இல்லை. எட்டு மி.மீ. நாடாக்களுக்கும் இதே தர்க்கம்; ஹை-8 ஹேண்டிகேம்கள் பலவற்றில் எஸ்-வீடியோ உண்டு, தேடிப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

டி.வி.டி.யில் படம் காம்பொனென்ட் வடிவிலேயே எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. அதை மஞ்சள் பின் வழியே பார்ப்பது வீண் இழப்பு. வி.சி.டி.யின் தெளிவு 352-க்கு 288 மட்டுமே என்பதால் எஸ்-வீடியோ தாராளமாகப் போதும். லேசர் டிஸ்க் நேர்மாறானது: தட்டிலேயே காம்போசிட்டாகத்தான் பதிவாகியிருக்கிறது, ஆகவே பிளேயரின் எஸ்-வீடியோ வெளியீடு நல்லதா என்பது, பிளேயரின் வடிகட்டி நல்லதா தொலைக்காட்சியின் வடிகட்டி நல்லதா என்ற கேள்விதான். மினி-டி.வி. கேசட்டுக்கு அனலாக் கேபிளே வேண்டாம். அதில் இருப்பது டிஜிட்டல் தரவு. ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிள் வழியே அப்படியே நகலெடுக்க வேண்டும்.

ப்ளூ-ரே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2010-க்குப் பின் தயாரான பிளேயர்கள் பாதுகாப்புப் பூட்டுள்ள தட்டுகளைக் காம்பொனென்டில் உயர்தெளிவாக வெளியிட உரிம விதி அனுமதிக்கவில்லை, 2013-க்குப் பின் வந்தவற்றில் அனலாக் வீடியோ வெளியீடே கிடையாது. உங்கள் பிளேயரில் அந்தத் துளைகள் இல்லையென்றால் அது சிக்கனத்தால் மட்டும் வந்ததன்று.

படி 4: கேபிளும் 75 ஓமும்

வீடியோ கேபிளின் தரம் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் தங்கமுலாம் கதைகளை ஒதுக்கிவிடலாம். பார்க்க வேண்டியவை இரண்டே: கேபிள் 75 ஓம் வகையா, எர்த் வலை நெருக்கமாக இருக்கிறதா. ஆர்.ஜி.-59, ஆர்.ஜி.-6 ஆகிய கோ-ஆக்சியல் வகைகள் இரண்டும் தகும். காம்போசிட் சிக்னலின் பரப்பு 5 மெகாஹெர்ட்ஸ் அளவே என்பதால் ஆர்.ஜி.-59-இல் 200 மீட்டர் தூரம்கூட அது தாங்கும். 1024-க்கு 768 தெளிவுள்ள வி.ஜி.ஏ. சிக்னலில் வினாடிக்கு 6.5 கோடி புள்ளிகள் ஓடுகின்றன. மெலிந்த கேபிளில் பத்து மீட்டர் தாண்டினாலே எழுத்துகளின் வலப்பக்கம் நிழல் விழத் தொடங்கும்.

75 ஓம் என்பது கேபிளில் மட்டும் உள்ள எண்ணல்ல. அனுப்பும் கருவிக்குள் 75 ஓம், பெறும் கருவிக்குள் 75 ஓம் என இரு முனைகளிலும் அது இருக்கிறது. உள்ளே பிறக்கும் 2 வோல்ட் இவ்விரண்டுக்கும் இடையே சமமாகப் பகிர்ந்துதான் 1 வோல்ட் ஆகிறது. ஒரு டெக்கை இரண்டு தொலைக்காட்சிகளுக்கு ஒய்-வடிவப் பின் கொண்டு பிரித்தால் பெறும் பக்கம் 37.5 ஓமாகக் குறைந்து, சிக்னல் 0.67 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். படம் இரண்டிலும் மங்கும், சிலவற்றில் உருளும். பெறும் முனையில் 75 ஓம் இல்லாமலே போனால் சிக்னல் 2 வோல்ட்டை நெருங்கிப் படம் வெளுத்துப்போகும், ஓரங்களில் இரட்டைக்கோடு விழும். ஸ்டுடியோ மானிட்டர்களில் சிக்னலை அடுத்த மானிட்டருக்குக் கடத்தும் துளையும் அருகே "75 ஓம்" ஸ்விட்சும் இருக்கும். வரிசையில் கடைசி மானிட்டரில் மட்டும் அது போடப்பட்டிருக்க வேண்டும். இரண்டு தொலைக்காட்சிகள் அவசியம் என்றால் மின்சாரத்தில் இயங்கும் வீடியோ பங்கீட்டுப் பெட்டி ஒன்றை வாங்குங்கள்.

எஸ்-வீடியோவை மஞ்சள் துளைக்கு மாற்றும் சிறு அடாப்டருக்குள் பெரும்பாலும் இருப்பது, நிறக் கம்பியை ஒளிர்வுக் கம்பியோடு சேர்க்கும் 470 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றுதான். அவசரத்துக்கு அது போதும். அதையே தலைகீழாகப் போட்டால் காம்போசிட் எஸ்-வீடியோவாகிவிடாது.

படி 5: அமைப்புகளைச் சரிசெய்தல்

தொலைக்காட்சியில் உள்ளீட்டை மாற்றியபின் நிறமுறையை முதலில் "ஆட்டோ"வில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ உறவினர் எடுத்து அனுப்பிய கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அதை நம் டெக் ஓட்டினாலும், 525 வரிகளோடு பால் நிறம் கலந்த ஓர் இரண்டுங்கெட்டான் சிக்னலையே பெரும்பாலும் வெளியிடும். பல தொலைக்காட்சிகள் அதை ஏற்கும். படத்தைக் கணினியில் பதிவு செய்யும் கேப்சர் கருவிகள் பல ஏற்பதில்லை.

டி.வி.டி. பிளேயரில் காம்பொனென்ட் பயன்படுத்தும்போது மெனுவில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: வெளியீட்டு வகை, பி-ஸ்கேன் (எல்லா வரிகளையும் ஒரே தடவையில் வரையும் முறை), திரை விகிதம். குழாய்த் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை 576 வரி இன்டர்லேஸ் (ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் மறு தடவை) சிக்னலை மட்டுமே ஏற்கும்; பி-ஸ்கேனைப் போட்டுவிட்டால் படம் கிழிந்துபோய், மெனுவைப் பார்த்து அதை அணைக்கவும் வழியிருக்காது. அப்போது பிளேயரின் மஞ்சள் வெளியீட்டை இணைத்துப் பாருங்கள். சில பிளேயர்கள் பி-ஸ்கேனின்போது அதையும் நிறுத்திவிடும், ஆனாலும் பல ரிமோட்களில் பி-ஸ்கேனுக்கே தனிப் பொத்தான் இருக்கும். பச்சைக் கம்பியை மட்டும் எடுத்துத் தொலைக்காட்சியின் மஞ்சள் துளையில் செருகுவது நல்ல சோதனை: நிலையான கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் பிளேயர் இன்டர்லேஸ் நிலையில் இருக்கிறது, கிழிந்த படம் வந்தால் பி-ஸ்கேன் இன்னும் ஓடுகிறது.

படி 6: படத்தைப் பார்த்துப் பழுதை அறிதல்

கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் ஒளிர்வும் ஒத்திசைவும் நலம், நிறம் மட்டும் வரவில்லை என்று பொருள். நிறமுறைப் பொருத்தமின்மை, எஸ்-வீடியோவில் வளைந்த பின், அல்லது மஞ்சளும் பச்சையும் ஒரே துளையைப் பகிரும் புதிய தொலைக்காட்சியில் தவறான உள்ளீட்டைத் தேர்ந்தது ஆகியவை காரணங்கள். கடைசி வகையில் படம் முழுவதும் நுண்புள்ளிகள் பரவியிருக்கும், ஏனென்றால் பெட்டி நிறத் துணை அலையையும் ஒளிர்வு என்றே வரைகிறது.

முழுப்படமும் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால், காம்பொனென்டை ஆர்.ஜி.பி. என்றோ ஆர்.ஜி.பி.யைக் காம்பொனென்ட் என்றோ ஒரு கருவி தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. புரொஜெக்டர்களில் இது அடிக்கடி நேரும், ஏனெனில் பல புரொஜெக்டர்கள் வி.ஜி.ஏ. துளையிலேயே காம்பொனென்டையும் ஏற்கின்றன. மெனுவில் உள்ளீட்டு வகையை மாற்றினால் சரியாகும்.

படத்தில் அகலமான கிடைமட்டப் பட்டைகள் மெதுவாக ஏறியோ இறங்கியோ சென்றால் அது எர்த் சுழல். இரு கருவிகள் இரண்டு வழிகளில் எர்த்தைத் தொடும்போது கேபிளின் வலையில் மின்சாரம் ஓடுகிறது. மின்வாரிய மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ், பால் படத்தின் அரைப்படங்களும் வினாடிக்கு 50 என்பதால் பட்டை ஓடாமல் ஊர்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவிட்ச் போர்டில் இணைத்துப் பாருங்கள், கேபிள் டி.வி. வயரைக் கழற்றியதும் பட்டை மறைந்தால் குற்றவாளி அதுதான், அங்கே ஒரு தனிப்படுத்தி (ஐசொலேட்டர்) போட வேண்டும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் பட்டை போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

ஒளிர்வு சீராக ஏறி இறங்கி, படம் மங்கி மங்கித் தெளிந்தால், மூலம் வணிகக் கேசட்டா என்று பாருங்கள். நகலெடுப்பைத் தடுப்பதற்காக, திரையில் தெரியாத வரிகளில் பொய்த்துடிப்புகள் வைக்கும் முறை அவற்றில் உண்டு; கேபிளில் பழுதில்லை. படத்தின் உச்சி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து அசைந்தால் நாடாவின் வேகம் தள்ளாடுகிறது. கேபிளை மாற்றுவதால் பயனில்லை.

படி 7: எச்.டி.எம்.ஐ. தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் கொண்டுசெல்லுதல்

மாற்றிப் பெட்டி வாங்கும்போது திசையைப் படியுங்கள். "ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ." என்பதும் "எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி." என்பதும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விலையில் அடுத்தடுத்து வைத்து விற்கப்படுகின்றன, இரண்டும் ஒருவழிப் பாதைகள். அனலாக்கை எண்களாக்கும் பெட்டிக்கு 5 வோல்ட் மின்சாரம் கட்டாயம் வேண்டும். அதை இணைக்காமல் "படம் வரவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான பெட்டிகள் 4:3 படத்தைத் திரை முழுக்க இழுத்துவிடும். தொலைக்காட்சியின் விகித அமைப்பில் 4:3-ஐத் தேர்ந்தால் முகங்கள் இயல்பு நிலைக்கு வரும்.

கேசட்டைப் பாதுகாக்கும் நோக்கம் என்றால் இந்தப் பெட்டியைத் தவிர்த்து, எஸ்-வீடியோ உள்ளீடு கொண்ட யு.எஸ்.பி. கேப்சர் கருவியை நேராக டெக்கில் இணையுங்கள். மென்பொருளில் 720-க்கு 576, வினாடிக்கு 25 படம், இன்டர்லேஸ் என்றே பதிவு செய்யுங்கள். ஒரு படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. பதிவின்போதே அவற்றை இணைக்கச் சொன்னால் அசைவுகளில் பாதி தொலைந்துபோகும். அந்த வேலையைப் பிறகு நல்ல மென்பொருளில் நிதானமாகச் செய்யலாம். புள்ளிகள் சதுரமாக இல்லாததால், பார்க்கும்போது 768-க்கு 576 என்ற விகிதத்தில் காட்டச் சொல்ல வேண்டும். சாயும் உச்சிக்கும் அசையும் ஓரத்துக்கும் மருந்து, ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் பிடித்து ஒழுங்கான நேரத்தில் வெளிவிடும் டி.பி.சி. சுற்று, உயர்ரக எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் அது உள்ளேயே உண்டு, மெனுவிலோ முன்பலகையிலோ தேடுங்கள்.

பதிவான கோப்பில் அடிவரிகள் சில, குழம்பிய கீற்றுகளாகத் தெரியும். டெக்கின் சுழலும் ஹெட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. குழாய்த் தொலைக்காட்சிகளில் அந்தப் பகுதி சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் நாம் அதைப் பார்த்ததில்லை. அதைப் பழுதென்று நினைத்து டெக்கைத் திறக்க வேண்டாம்; மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அனுப்பும் நகலில் மட்டும் அந்த வரிகளைக் கறுப்பால் மூடிவிடலாம்.